தொட்டிக் கணக்கு

டோங்காட்டில் எத்தனை பேர் என்பது
முதலில் எனக்குத்தான் தெரியும்.
நகராட்சிக்கு அப்புறம்.

என் லாரி பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும்.
நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்
ஒரு வீட்டுத் தொட்டி நிறைய
மூன்று வருஷம் ஆகும்.
இப்போது சேகரன் மூட்லி
ஆறு வாரத்துக்கொருமுறை கூப்பிடுகிறார்.
"மழைத்தண்ணி இறங்கிடுது" என்கிறார்,
ஆகஸ்டில்.

அவர் கொல்லையில் ஐந்து தகர அறைகள்,
ஐந்து கதவு, ஐந்து விதப் பூட்டு.
லுங்கேலோவுக்கு விமான நிலையத்தில் இரவுக் காவல்.
அவன் எழுந்து போகிற கட்டிலில்
சிகொண்டி வந்து படுக்கிறான், மலாவிக்காரன்.
மெத்தைக்குச் சூடு ஆற நேரமில்லை.

மேட்டில் கரும்பு வெட்டினார்கள்.
மறுதாம்பு விடவில்லை.
வெள்ளை மதில், காவல் கேட்,
ஒரே அச்சில் நூற்றிருபது வீடு.
காலை ஐந்து மணிக்கே டர்பன் பக்கம்
விளக்கு வரிசை ஊர்கிறது.
அவர்களுக்குப் பாதாளச் சாக்கடை.
அவர்கள் என் கணக்கில் வரமாட்டார்கள்.

மிஸஸ் படையாச்சி வீட்டில் நான்கு குளியலறை.
ஆறு வருஷமாகத் தொட்டி நிறையவில்லை.
போன மாதம் மூடியை நெம்பினால்
உள்ளே ஒரு தவளை,
என்னைப் பார்த்து நகரவுமில்லை.
பணத்தை வேண்டாம் என்றேன்.
"வந்துட்டீங்களே" என்று திணித்தார்கள்.

கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான்,
கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை.
மூட்லி வாசலில் கேட்டான்: எத்தனை பேர்?
நாலு, என்றார் மூட்லி.
என் கையில் குழாய் பாம்பு மாதிரித்
துடித்துக்கொண்டிருந்தது.
பையன் என்னைப் பார்த்தான்.
நான் வால்வைப் பார்த்தேன்.

இருட்டின பிறகு என் வீட்டுக்கும் வந்தான்.
செருப்பெல்லாம் செம்மண்.
தண்ணீர் கொடுத்தேன், குடித்தான்.
எத்தனை பேர், அங்கிள்?

மகள் டர்பனில் ஃபிளாட் எடுத்து
மூன்று வருஷம்.
முன்பு சனிக்கிழமை வருவாள்.
மகன் கப்பலில். எந்தக் கடல் என்று
அவன் அம்மாவுக்குத் தெரியும்.

நாலு, என்றேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம்
ஒரு கணம் நின்று
மறுபடி தொடங்கியது.

பையன் நாலைத் தட்டிக்கொண்டு போனான்.
நல்ல பையன், ஆனால் புதுசு.
உங்கள் தொட்டியைக் கடைசியாக
எப்போது எடுத்தீர்கள் என்று
கேட்கத் தெரியவில்லை.