மிதப்பதற்கான ஏற்பாடுகள்

முதல் சிக்கல், ஆற்றில் தண்ணீர் இல்லை.
சித்திரை முழுக்க வெண்ணாறு விடுப்பில் இருந்தது
எங்களைப் போலவே.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
இருபத்தைந்து நிமிடம் நின்றபோது முளைத்த யோசனை இது.
எஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்கூட்டரின் பின்னாலிருந்து தையல்நாயகி சொன்னாள்:
"ஒரே ஒரு நாள்.
மல்லாந்து படுத்தபடியே போகணும்.
துடுப்புகூட வேண்டாம்."

எதுவும் செய்யாமல் இருக்க
எவ்வளவு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது!
ஜெகபர் பஞ்சர் கடையில் லாரி டியூப் நான்கு,
ஒன்றில் மட்டும் மூன்று ஒட்டு.
நாள் வாடகை நூறு.
"காத்துக்குக் காசு வேணாம் டீச்சர்" என்றார்
பெரிய மனதோடு.
குறுக்கே கட்ட மூங்கில், கொச்சக்கயிறு,
புளிசாதத்துக்கு மூடி இறுகும் தூக்கு,
செருப்புக்கென்று தனியாக ஒரு பை.

ஷட்டர் திறக்கும் லஸ்கர் இன்னாசிமுத்து
விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார்.
மேட்டூரிலிருந்து கல்லணைக்கு மூன்று நாள், நான்கு நாள்.
கல்லணையிலிருந்து இங்கே இன்னும் அவ்வளவு,
"மணல் குடிச்சது போக."
நான் கணக்கு டீச்சர். கூட்டிப் பார்த்தேன்.
எங்கள் கோடை விடுமுறை முடிந்து
பத்தாம் நாள்
ஆற்றின் விடுமுறை முடியும்.

இருந்தாலும் வழியைப் பார்த்து வைக்கலாம் என்று
வைகாசியில் ஒரு ஞாயிறு
மிதக்கப்போகிற பாதையின் தரையில் நடந்தோம்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்:
அரச மரத்து வேர், வலப்பக்கம், ஒதுங்கவும்.
மணல் அள்ளிய பள்ளம், இரண்டு ஆள் ஆழம்,
இடது கரையோரமாகவே போகவும்.
கம்பி நீட்டிய பழைய தூண்,
டியூபுக்கும் ஆகாது, முதுகுக்கும் ஆகாது.
சாப்பாடு, மூங்கில் புதருக்கு அப்பால்.

ஆடு மேய்த்தவர் கரையிலிருந்து கேட்டார்,
"எதைத் தொலைச்சீங்க?"
"ஒண்ணுமில்லங்க. மிதக்கப் போறோம்."
மணலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
திரும்பவும் மணலைப் பார்த்துவிட்டு
ஆடுகளை எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி ஓட்டிப் போனார்.

பாலத்துத் தூணில் போன வருடத்துத் தண்ணீர்க் கறை,
தையல்நாயகியின் கழுத்து உயரம்.
"நம்ம முதுகு இங்க வரும்" என்று
சாக்பீஸால் கோடு போட்டாள்.
நிழல் இருந்தது. படுத்துப் பார்த்தோம்,
ஒத்திகை மாதிரி.
மேலே மன்னார்குடிப் பேருந்து போனபோது
பாலம் நடுங்கி
அந்த நடுக்கம் மணல் வழியே முதுகுக்கு வந்தது.
அரை மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவளுடைய போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.
மூன்றாம் முறை அடிக்கவில்லை.

ஆனி பிறந்தது. பள்ளி திறந்தது.
ஒரு புதன்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு
இன்னாசிமுத்து கூப்பிட்டார்: "வந்துக்கிட்டிருக்கு."

வந்துகொண்டுதான் இருந்தது,
பாயும் என்றெல்லாம் நினைத்திருந்தோம்.
நுரையையும் சருகையும் ஒற்றை ரப்பர் செருப்பையும்
முன்னால் தள்ளிக்கொண்டு
ஒவ்வொரு குழியிலும் நின்று,
பெயர் கூப்பிட்டு ஆஜர் போடுவதுபோல நிரப்பி,
அடுத்த குழிக்கு நகர்ந்தது.
எறும்புகள் அதைவிட வேகமாக ஓடின.
பக்கத்திலேயே நடந்தோம், சேலையைத் தூக்கிச் செருகி.
சில இடத்தில் அதற்காக நின்றோம்.

டியூபுகளை மணலில் வரிசையாக வைத்துவிட்டு
யார் தற்செயல் விடுப்பு எடுப்பது என்று தகராறு.
எனக்கு இரண்டு நாள் பாக்கி, அவளுக்கு அரை நாள்.
அரை நாளில் எவ்வளவு தூரம் மிதக்கலாம்,
திரும்பி வர பஸ் உண்டா,
முதல் பீரியடை யார் பார்ப்பது என்று
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில்

மூன்று ஒட்டுப் போட்ட டியூப்
லேசாக அசைந்தது.
அரைச் சுற்று சுற்றியது.
இடது கரையோரமாகவே,
நோட்டில் எழுதியிருந்தபடியே,
அவசரமில்லாமல் கிளம்பியது.

"வாடகை டியூப்!" என்று கத்தினார் ஜெகபர்.
தையல்நாயகி
செருப்புப் பையை என் கையில் கொடுத்தாள்.