பழுது

முடி உலர்த்தும் இயந்திரம்
வியாழக்கிழமைகளில் மட்டும் பழுதாகிறது.
நான்கு மணிக்குப் பழுதாகி
ஐந்தேகாலுக்குத் தானே சரியாகிவிடுகிறது.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
ஒரு பனிக்காலம் முழுக்கப் பிடித்தது.

அதற்கு முன்னால்
ஹூசாவிக் நீச்சல்குளத்தில், ஆண்கள் உடைமாற்றும் அறையில்
அந்த இரைச்சல் கிளம்பும்போதெல்லாம்
என் மகன் சோல்வி
ஈரத்தரையில் சுருண்டுகொள்வான்.
ஒருநாள் தன் முன்னங்கையையே கடித்துக்கொண்டிருந்தான்.
"கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்" என்றார்
துண்டால் முதுகு துடைத்தபடி ஒருவர்.
எங்கள் நாட்டில் அம்மணமாகக் குளிக்காமல்
குளத்தில் இறங்க முடியாது.
அவமானத்தை வைத்துக்கொள்ள
ஒரு சட்டைப்பைகூட இருக்காது.
தலையில் நுரையோடு நின்றேன்.

மீன் ஆலையில் வேலை எனக்கு.
ஒளிமேசையில் காட் மீன் துண்டை வைத்தால்
எங்கே முள் தடுக்குமென்று விரலுக்குத் தெரியும்.
இவனிடம் எங்கே தடுக்கிறதென்று
ஒன்பது வருடமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.
இந்தப் பேச்சு ஆல்ஃப்ரூனுக்குப் பிடிக்காது.
"அவன் மீனும் இல்லை,
எடுத்தாக வேண்டிய முள்ளும் அவனிடம் இல்லை" என்பாள்.
சரிதான்.
ஆனாலும் எனக்குத் தெரிந்தது இந்த விரல்கள்தான்.

சோல்வி அதிகம் பேசுவதில்லை.
வெந்நீர்த் தொட்டிகளின் சூட்டைச் சொல்வான்.
முப்பத்தெட்டு என்றால் சந்தோஷம்.
பல்மருத்துவர் நாற்பத்திரண்டு.
அவன் தூங்கிவிட்டானென்று நம்பி
சமையலறையில் நாங்கள் அடிக்குரலில் சண்டையிட்ட இரவு
கதவருகே வந்து நின்று
"நாற்பத்து நான்கு" என்றான்.
அப்படியொரு தொட்டியே கிடையாது.

பிறகு நவம்பரில்
மூன்றரைக்கே பகல் மூட்டை கட்டிய ஒரு வியாழன்,
இயந்திரத்தின்மேல் ஒரு தாள்.
கோணல் எழுத்தில்: பழுது.
நான்கு மூலையிலும் நீல ஒட்டுநாடா.
சோல்வி அதைத் தொட்டுப் பார்த்தான்.
நின்றபடியே காலுறை போட்டான்.
இரண்டையும்.
வண்டியில் ஏறி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்து
ஆல்ஃப்ரூனுக்குச் செய்தி அனுப்பினேன்:
இரண்டு காலுறை.
என்ன ஏதென்று அவள் கேட்கவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன்.
இயந்திரம் கப்பல் எஞ்சின்போல உறுமிக்கொண்டிருந்தது.
தரை துடைத்துக்கொண்டிருந்த தோர்ஃபியிடம் கேட்டேன்,
எப்போது சரிசெய்தீர்கள்?
"எதை?" என்றான், வாளியைப் பார்த்து.
துடைப்பத்தைப் பிழிந்தான். மறுபடி பிழிந்தான்.
"என் தங்கை பள்ளிக்கூடத்தில் மேசைக்கடியில்தான் இருப்பாள்.
யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.
எனக்கும்தான்."
அவ்வளவுதான் சொன்னான்.
எனக்கும் நன்றி என்ற சொல்
அந்த ஈரத்தில் வழுக்கிவிடும்போல இருந்தது.
"தரை சுத்தமாக இருக்கிறது" என்றேன்.

கண்டிப்புக்காரர் இன்னமும் வருகிறார்.
போன வியாழன் தாளைப் படித்தார்,
சோல்வியைப் பார்த்தார்,
சொட்டும் தலையில் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு
பனிக்குள் போய்விட்டார்.
புரிந்துகொண்டாரா, நகராட்சியைத் திட்டினாரா,
அது அவர் கணக்கு.

என் கணக்கில் வேறொன்று இடிக்கிறது.
பதினெட்டு வருடமாக என் மதிய ரொட்டியை
உணவறை இரைச்சலுக்குப் போகாமல்
குளிர்கிடங்கு வாசலில் நின்று தின்கிறேன்.
காற்றோட்டத்துக்காக என்று
எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.
யாருமே கேட்டதில்லை.

அடுத்த மாதம் தோர்ஃபிக்கு விடுமுறை.
வருகிறவன் எப்படியோ.
என் மேல்கோட்டுப் பையில்
ஒட்டுநாடா ஒரு சுருள் கிடக்கிறது, நீலம்.
கடையில் சிவப்பு விலை குறைவு.
சோல்வி ஒத்துக்கொள்ள மாட்டான்.