ஜவ்பர்ர தும்பி

சம்மாந்துறை வட்டைக்கு மேல் முதல் நாள் அது எழும்ப
கொக்குகள் மட்டும் விலகிப் போயின.
மனிசர் போகவில்லை.
வரம்பு நெடுகக் குந்தியிருந்து
விழுமா விழாதா என்று பந்தயம் கட்டினார்கள்.

பத்து லீற்றர் தாங்கி, ஆறு விசிறி,
நாற்பத்தெட்டு மாதத் தவணை.
கடைசி உறுப்பைத் தவிர
எல்லாவற்றையும் விளக்கிக் காட்டினேன்.

ஏக்கருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன்.
"கூட" என்றார்கள்.
ஆயிரம் என்றேன்.
"மருந்தில தண்ணி கலக்கிறானோ?" என்றார்கள்.
விலை இறங்கினால் சனம் ஏறும் என்று
கொழும்புப் பயிற்சியில் சொன்ன மகராசன்
சேற்றில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

முதுகில் தாங்கி சுமந்து
முப்பது வருஷம் மருந்தடித்த
வீரமுனைக் கோணேசன்தான் வழி சொன்னான்:
"போடியார்ர வயலுக்கு அடிச்சுக் காட்டாத.
அவர் நட்டப்பட்டா சிரிப்பார்,
நாங்க பட்டா பட்டினி.
அவரப் பார்த்து ஆரும் துணியமாட்டாங்க.
என்ட அரை ஏக்கருக்கு அடி.
என்னப்போல ஒருத்தன் பிழைச்சாத்தான்
மற்றவன் நம்புவான்."

அடித்தேன். கடனுக்கு.
முந்நூறு ஏக்கர் சந்தேகம்
அந்த அரை ஏக்கரைச் சுற்றி வந்து நின்றது.
அறக்கொட்டி எரித்த அயல் வயல்களுக்கு நடுவில்
பச்சையாய் ஒரு சாட்சி.
தவணைக்காரர் மட்டும் சாட்சியை ஏற்கவில்லை;
அவருக்கு மாதாமாதம் பதினான்காம் திகதி அறுவடை.

பெரும்போகத்துக்கு ஊர் திரண்டு போனது,
கல்முனையிலிருந்து வந்த இரண்டு பொடியன்மாரிடம்.
என்னுடையதிலும் பெரிய தாங்கி,
நான் கொடுத்ததில் பாதி விலை.
யாருடைய சந்தேகத்தையும் தீர்க்க
அவர்கள் ஒரு போகத்தை இழக்கவில்லை.
அந்தக் காசை நான் கட்டிவிட்டேன்.
சரியாகச் சொன்னால்,
இன்னும் முப்பத்தொன்பது மாதம் கட்டுவேன்.

கோணேசன் இப்போது அவர்களுக்குத் தாங்கி நிரப்புகிறான்.
நாளுக்கு மூவாயிரம்; முதுகும் நிமிர்ந்திருக்கிறது.
கோபிக்க நான் ஆர்?

நேற்றுச் சந்தையில் முட்டை வாங்கி நிற்க,
பக்கத்தில் ஒருவர் போனில் கத்துகிறார்:
"மருந்தடிக்க ஜவ்பர்ர தும்பிக்குச் சொல்லிட்டன்.
ஓம், ஓம்,
அந்தக் கல்முனைப் பொடியன்ட."

கொட்டிலில் படங்கு மூடிக் கிடப்பதைத் தவிர
ஊரில் பறக்கிற அத்தனைக்கும் என் பெயர்.

பெயருக்கு வாடகை கேட்கலாமா என்று
முட்டைக்காரரிடம் கேட்டேன்.
அவர் மிச்சக் காசை எண்ணித் தந்தார்.