பத்தொன்பதாவது ஆள்

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
பால்கனியில் ஸ்ப்ரே அடித்தால்
மணல் மணலாய் ஒட்டும்.
உள்ளே அடித்தால்
கூட இருக்கும் தயாபரனுக்கு இழுப்பு வரும்.

ஆகவே தூரிகை.
கறுப்புப் பூச்சில் இரண்டு சொட்டுத் தண்ணீர்.
தைலப் புட்டியின் மூடியில் ஒட்டவைத்த
கட்டைவிரல் உயரச் சிப்பாய்.

டப்பா என்றால் ஒரே மூச்சில்
படை முழுதும் இருண்டிருக்கும்.
தூரிகையோ அக்குளுக்குள் போகச் சொல்கிறது,
தாடைக்கடியில், கேடயத்தின் முதுகில்,
கத்துகிற வாய்க்குள்.

பத்தொன்பதாவது ஆள் கத்தவில்லை.
உதட்டைக் கடித்திருக்கிறான்.

மூன்று வருடமாக
வியாழக்கிழமை ஆட்டங்களில்
ஓரத்தில் நிற்கிறானே என்று
முதல் சாவுக்கு இவனைத்தான் எடுத்து
மேசைக்கு வெளியே வைத்தேன்.

இரண்டாம் பூச்சை இன்னும் மெல்லியதாய்.
கடித்த உதடு
அடைபட்டுவிடக் கூடாது.