அளந்து போடு

அக்டோபர் பிறந்தால் துலூத்தில்
முதலில் சிவப்பது மேப்பிள் இல்லை,
தயிர்க் கிண்ணத்தின் மூடி.
அப்புறம் வாளி, துடைப்பம், நாயின் கழுத்துப்பட்டை.
போன வாரம் ஒரு சுத்தியல் பார்த்தேன்,
பிடி முழுக்க இளஞ்சிவப்பு.
எதை அடிக்க என்று எழுதியிருக்கவில்லை.

நான் ஆர்டிஸ். மாவட்டத்துக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
வலது மார்பு இருந்த இடத்தில் ஒரு தழும்பு.
இரக்கத்துக்காகச் சொல்லவில்லை;
அந்த நிறத்தை யாரை நினைத்து விற்கிறார்களோ
அவள் நான்தான் என்பதற்காக.

முதல் வருடம் எல்லாம் வாங்கினேன்.
தயிர் எனக்கு ஆகாது. தின்றேன்.
மூடிகளைக் கழுவி ஜன்னலோரம் காயவைத்து
நாற்பத்தெட்டை உறையிலிட்டு அனுப்பினேன்.
மூடிக்குப் பத்து சென்ட், ஆக நாலு டாலர் எண்பது.
தபால் செலவு ஐந்து டாலர் பத்து.

மறு வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டு
மூடியின் விளிம்பைப் படித்தேன். எறும்பெழுத்து.
நன்கொடைக்கு உச்சவரம்பு உண்டாம்,
அதைத் தொட்டபின்னும் மூடி சிவப்பாகவே வருமாம்.
எப்போது தொட்டீர்கள் என்று போன் செய்தேன்.
இருபத்தைந்து நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பெண், தேன் குரலில்,
"ஆகஸ்டில், மேடம்."
அக்டோபர் முழுக்க நான் தின்றது
வெறும் தயிர்.

பில் போடும் இடத்தில் கோல்பி கேட்கிறான்,
"ரவுண்ட் பண்ணிடவா? முப்பத்தேழு சென்ட்தான்."
பின்னால் ஆறு பேரின் மூச்சு என் கழுத்தில்.
'வேண்டாம்' என்ற சொல்லுக்கு
முப்பத்தேழு சென்ட்டைவிட விலை கூடுதல்.
உள்ளே கதவில் பட்டியல் தொங்குகிறதாம்,
யார் எத்தனை பேரை இணங்க வைத்தார் என்று.
கோல்பிதான் கடைசி.
சரி என்றேன். தருமம் இல்லை அது,
பையன் பெயருக்கு நேரே ஒரு கோடு.
வசந்தத்தில் கம்பெனிக்காரர்கள்
கதவளவு காசோலையைப் பிடித்துக்கொண்டு படத்தில் சிரிப்பார்கள்.
ஊரார் வீட்டு நெய்.
கரண்டி மட்டும் அவர்களுடையது.

நவம்பரின் முதல் பனி. விடிகாலை ஐந்து.
வடகரைச் சாலையில் ஒரு கார் பள்ளத்தில் மூக்கை நுழைத்திருந்தது.
வெர்ன் மாட்டிலா, இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.
பின்சீட்டில் போர்வைக்குள் ஒரு பெண்.
எட்டு மணிக்கு அவளுக்குக் கதிர்வீச்சு.
வாரம் மூன்று பேரை இப்படிக் கூட்டிப்போகிறாராம்,
சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில்.
சங்கிலி போட்டு இழுத்தபோது டயரைப் பார்த்தேன்.
என் உள்ளங்கையில்கூட அதைவிட ரேகை உண்டு.

நாலு பனி டயர் ஐந்நூற்று அறுபது டாலர்.
என்னிடம் இருந்தது இருநூறு.
இரண்டு மட்டும் மாற்றினால் வண்டி எப்படிச் சுழலும் என்று
இந்த வேலையில் இருக்கும் எனக்குத் தெரியாதா?
எனவே காபி டப்பாவைத் தூக்கினேன்.
பணிமனையில் ஒவ்வொருவர் முன்னும் போய் நின்றேன்.
என் வாயிலும் அதே தேன் குரல் வந்தது,
கேட்டு எனக்கே கூசியது.

"இதற்கு வரம்பு உண்டா?" என்றான் டுவெய்ன், கிண்டலாக.
"நாலு டயர். அதற்குமேல் ஒரு சென்ட் வாங்கமாட்டேன்."
லெராய் இல்லை என்றான்.
சரி லெராய் என்று நகர்ந்தேன்.
கதவில் எதையும் ஒட்டவில்லை.

டயர் எந்தக் கட்டியையும் கரைக்காது. தெரியும்.
எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ
நுண்ணோக்கியில் கண் பதித்திருக்கிறார்கள்,
அவர்களுக்கும் பணம் வேண்டும், அதுவும் தெரியும்.
ஜனவரியில் அங்கே நேராக ஒரு காசோலை அனுப்புவேன்,
தயிர் இல்லாமல்.
கடல்போல் கிடக்கும் இந்த ஏரியில் போட்டாலும்
அளந்துதானே போட வேண்டும்?

ஆனாலும் எண்ணியதில் தவறிவிட்டேன்.
டயர் மாட்டியபின் டப்பாவில் ஒன்பது டாலர் மிச்சம்.
யாருடைய ஒன்பது?
கேட்டுப் பார்த்தேன், எல்லாரும் தோளைக் குலுக்கினார்கள்.
லாரியில் என் பக்கத்து இருக்கையில்
பள்ளம் வரும்போதெல்லாம்
அது கிலுகிலுக்கிறது.