ஞாயிற்றுக்கிழமை ஜிலேபி

எறும்புகள்தான் முதலில் கண்டுபிடித்தன.
குளியலறை மூலையில் அவை சாரை கட்டியதை
கடை வேட்டியில் ஒட்டிய பாகு என்றே
நானும் மங்கையும் நினைத்திருந்தோம்
ஆறு மாதம்.
இருபத்தாறு வருஷமாக
விளக்குத்தூண் பக்கத்துக் கடையில்
ஜிலேபி பிழிகிறவன் நான்.
எறும்பு வராவிட்டால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு என்று
சீட்டில் எழுதிய நர்சம்மா
என்ன தொழில் என்று கேட்டுவிட்டு
பேனாவை மூடி வைத்துச் சிரித்தது.
கோபம் வரவில்லை.
எனக்கும் சிரிப்புத்தான்.

இன்று கரிமேட்டில் ஒன்றரைக் கிலோ,
நாலு உருப்படி.
'என்ன மீன் மாஸ்டர் வேணும்?'
'ஜிலேபி.'
ஒச்சம்மாவுக்குத் தெரியும்.
இருந்தும் வாராவாரம்
என் வாயால் சொல்ல வைப்பாள்.
கண்மாய்ச் சேற்றில் புரண்டு வளர்ந்ததற்கு
எவன் வைத்தானோ இப்படி ஒரு பேரு.

கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி,
சேற்று வாடை போக மூணு தண்ணி.
விலாவில் கீறல்.
மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம்,
கறிவேப்பிலை கை கொள்ளுமட்டும்.
எலுமிச்சை பிழியும்போது
விரல் தன்னால் வட்டம் சுற்றுகிறது,
பழக்கம்.
எண்ணெய்,
இருமல் மருந்து மூடியில் ஒன்று.
நாலு மீனுக்கும் சேர்த்துத்தான் ஒன்று.
டின் டின்னாகக் கவிழ்த்த கை
அந்த மூடியைப் பிடிக்கையில் நடுங்கியது.

அப்புறம் வாழையிலை. அப்புறம் அந்தப் பெட்டி.
கொழுந்தியாள் கல்யாணத்துக்கு
இரண்டாக வந்ததில் ஒன்று;
மூணு வருஷம் பீரோ மேல் கிடந்தது.
இருநூறில் வை, இருபத்தஞ்சு நிமிஷம்
என்கிறாள் மங்கை.
எண்ணாகச் சொன்னால் எனக்குச் சூடு புரியாது.
எண்ணெய் பேசும், நான் கேட்பேன்.
சளசளப்பு அடங்கினால் வெந்தது என்று அர்த்தம்.
இதுவோ வாயே திறக்கவில்லை.
கண்ணாடிக்கு முன்னால்
ஸ்டூலில் கட்டுப்போட்ட காலை நீட்டி
ஊமைப் படம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தோல் சுருங்கிற்று.
கீறல்கள் வாய் பிளந்தன.
இலை ஓரம் கருகிய ஒரு வாசனை வந்தது பாருங்கள்,
சத்தம் கேட்ட மாதிரியே எழுந்துவிட்டேன்.
பதம், பதம்.

ஏழரைக்கு வந்துவிட்டார்கள்,
பெரியாஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமானவர்கள்:
ஜெய்லானி பாய், கண்டக்டர் வீரணன்,
மாத்திரை டப்பாவோடு தனபாக்கியம் டீச்சர்.
ஆளுக்கொரு மீன், அவரைக்காய்ப் பொரியல்,
குதிரைவாலிச் சோறு ஒரே ஒரு கப்.
'சோத்தைக் கண்ணுல காட்டுறதுக்கு மட்டும் வச்சிருக்கீரா?'
என்றார் வீரணன்.
பிறகு பேச்சில்லை. முள் எடுக்கும் வேலை.
என் மீனின் தலையை மங்கை
கேட்காமல் பிய்த்துக்கொண்டாள்.
டீச்சர் மட்டும் நடுவில் ஒருதரம் நிமிர்ந்து
உப்புக் குறைவு என்றார்.
குறைவுதான். பாய்க்குப் பிரஷரும் இருக்கிறதே.

கை கழுவும்போது பாய் சொன்னார்:
'உங்க கையால ஜிலேபி
இந்த ஜென்மத்துல இல்லைன்னு நினைச்சிருந்தேன் மாஸ்டர்.'
அவர் மகள் நிக்காஹ்வுக்கு
நாற்பது கிலோ பிழிந்தேன்.
அன்று அவர் ஒன்றுகூடத் தொடவில்லையாம்.
இப்போதுதான் சொல்கிறார்.

எல்லோரும் போன பிறகு
முள் கிடந்த இலையை மடிக்கக் குனிந்தால்
ஓரத்தில் எறும்பு, சாரை சாரையாக.
மங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
நல்ல வேளை,
இனிப்புக்கு மட்டும்தான் வரும் என்று இல்லை.