இதே நாளில், நாற்பத்தேழாம் டோக்கன்

ஜங்ஷன் மேற்கு வாசல் வண்டி ஸ்டாண்டில்
ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய்.
இதே நாளில் நடந்ததைச் சரியாகச் சொன்னால்
அன்றைக்கு இலவசம்.
பலகை என்னுடையது, சாக்பீஸும்,
ஜெயித்தவர்களின் பதினைந்தும் என் சம்பளத்திலிருந்துதான்.
அதனால் கேள்வியைக் கொஞ்சம் முறுக்கித்தான் எழுதுவேன்.

காலையில் எழுதினால்
சாயங்காலம் டோக்கனோடு பதிலை நீட்டணும்.
இடையில் கேள்வி ரயிலேறிப் போகும்
திண்டுக்கல்லுக்கு, கோவில்பட்டிக்கு,
எலுமிச்சைச் சாதத்தோடு ஒரே பையில்.
போனில் தேடியவர்களைப் பார்த்தாலே தெரியும்,
கேட்காத கிழமையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

துளசிராம் தேடமாட்டார்.
விருதுநகரில் பருப்பு மண்டிக் கணக்கு.
பச்சை டிவிஎஸ் ஐம்பது, டோக்கன் நாற்பத்தேழு.
தப்பென்றால் வாதாடாமல்
பதினைந்தையும் சில்லறையாக எண்ணி வைப்பார்.

செப்டம்பர் இருபத்திரண்டு.
'1921. காந்தி அரையாடைக்கு மாறியது
நம்மூரில் எந்த வீதியில்?'
படித்ததும், "என்னக்கா, இம்புட்டு லேசா?" என்று
ரயிலுக்கு ஓடினார்.

சாயங்காலம் வரவில்லை.
மறுநாள் மங்கள்யானைக் கேட்க எண்ணி
தேதியைச் சரிபார்த்து ஒரு நாள் தள்ளி வைத்தேன்.
அந்த நாளும் போனது.
ஏழு நாள் தாண்டிய வண்டியை
ஸ்டேஷன் போலீசுக்குச் சொல்லணும் என்பது விதி.
எட்டாம் நாள் அதைத் தூணுக்குப் பின்னால் தள்ளினேன்.
பின்டயர் அதற்குள் தரையோடு படுத்திருந்தது.
சீட்டில் புறா எச்சம்.
துடைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அக்டோபர் பதினொன்று காலை
மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்,
வலது கால் முழங்கால்வரை வெள்ளை.
"விருதுநகர்ல பிளாட்பாரப் படிக்கா, கடைசிப் படி."
சட்டைப் பையிலிருந்து எடுத்தது டோக்கன்;
கூடவே
மருந்துச் சீட்டின் பின்பக்கம்,
பத்தொன்பது தேதி, பத்தொன்பது பதில்.
கேள்வியைப் பார்க்காத மனுஷன்
என்ன கேட்டிருப்பேன் என்று
வார்டில் படுத்தபடி யோசித்து எழுதிய பதில்கள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
என் நோட்டை எடுத்தேன்.
"இருபத்திரண்டு, மேலமாசி வீதி."
சரி.
"இருபத்துநாலு, செவ்வாய்க்கு விட்ட நம்ம வண்டி."
சரி.
"இருபத்தேழு, இங்கிலாந்துல முதல் பயணிகள் ரயில்."
ஸ்டாண்டு ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது, ஊகித்திருக்கிறார். சரி.
"அக்டோபர் ரெண்டு, காந்தி பிறந்த நாள்."
தப்பு. நான் கேட்டது காமராசர் இறந்த வருஷம்.
"விருதுநகர்ல படுத்துக்கிட்டே தோத்தேனாக்கா?"
மச்சினன் சிரித்துவிட்டார்.
"நாலு, ஸ்புட்னிக்." சரி.
"எட்டு, விமானப் படை." சரி.
"பத்து, பெரியாத்துத் தண்ணிய நம்ம பக்கம் திறந்தது."
1895 என்று வருஷமும் போட்டிருந்தார். சரி.
மற்றவையெல்லாம்
யார் யாரோ முடிசூடிய நாளும்
எங்கெங்கோ போர் நின்ற நாளும்.
ஏழு.

ஆறாம் தேதிக்கு நேரே
ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.
"எவ்வளவோ யோசிச்சேன்.
அன்னைக்கு ஒண்ணும் நடக்கலக்கா."
என் நோட்டிலும் அந்த வரி காலி.
பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த நாள் அது,
வருஷாவருஷம் அப்படித்தான்.
ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை,
நானும் எழுதிப் போட்டதில்லை.
"அதுவும் சரி," என்றேன்.
எட்டு.

பத்தொன்பது பதினைந்து இருநூற்று எண்பத்தைந்து.
கழிவு நூற்றிருபது.
கணக்கர் இருநூறு நீட்டினார், முதல் முறையாக நோட்டாக.
மீதி முப்பத்தைந்தை எண்ணிக் கொடுக்கும்போது
அந்தக் கோட்டையும் என்னையும் பார்த்தார்.
எதுவும் கேட்காமல்
சீட்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

டயருக்குக் காற்றடித்து
மச்சினன் ஏழு மிதி மிதித்த பிறகு வண்டி இருமியது.
பின்னால் காலை நீட்டி உட்கார்ந்தபடி,
"இன்னைக்குக் கேள்வி எங்கக்கா?" என்றார்.

மணி எட்டே கால். பலகை ஈரமாகவே இருந்தது.
ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காது.
"போய்ட்டு வாங்க, காயட்டும்," என்றேன்.